பறவைக்குத்தான் சிறகு இருக்கிறதே, தள்ளிப் போய் இறங்கிக்கொள்ளாதா?

கேள்வி இது: “வெயில் கூடினால் மரத்தால் நகர முடியாது, குளத்துத் தவளையால் நகர முடியாது, அவை பாதிக்கப்படும் என்பது புரிகிறது. ஆனால் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிற பறவைக்கு என்ன வந்தது? இங்கே சரிப்படவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கிக்கொள்ளாதா? வலசை போகிற உயிர்களுக்குத்தான் பருவநிலை மாற்றத்தால் ஆபத்து அதிகம் என்கிறார்களே, அது எப்படி?”

நியாயமான கேள்விதான். பறவை பார்க்க ஆரம்பித்த புதிதில் நானும் இப்படித்தான் நினைத்தேன். வலசைப் பறவையை நாம் நாடோடியாகக் கற்பனை செய்துகொள்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நாடோடி மழை பெய்த பக்கம் மாட்டை ஓட்டிக்கொண்டு போவான். வலசைப் பறவை வாரச்சந்தை வியாபாரி மாதிரி. செவ்வாய்க்கிழமை இந்த ஊர், வியாழக்கிழமை அந்த ஊர், சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே வரிசையில் போகிறவர். ஒரு வாரம் வியாழக்கிழமை ஊரில் போய் இறங்குகிறார், சந்தைத் திடல் காலியாகக் கிடக்கிறது, ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் சந்தையைத் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள், அவரிடம் யாரும் சொல்லவில்லை. வண்டியும் மாடும் நன்றாக இருந்து என்ன பயன்?

பொதுவாகப் பேசினால் புரியாது, ஒரு பறவையை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டிலிருந்து கோடியக்கரைப் பக்கம் சேற்றிலும் உப்பள ஓரங்களிலும் கூட்டம் கூட்டமாக உள்ளான்கள் என்கிற சின்னக் கரைப்பறவைகள் வந்து இறங்கும். அதில் மூக்கு நுனி கீழே வளைந்த ஒன்று உண்டு, பறவை பார்ப்பவர்கள் கர்லூ சாண்ட்பைப்பர் என்பார்கள், இங்கே வளைமூக்கு உள்ளான் என்று வைத்துக்கொள்வோம். எடை 50, 60 கிராம், பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றின் எடை. இது கூடு வைப்பது சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பமும் அதைச் சுற்றியுள்ள துந்திரம் என்கிற மரமில்லாத உறைநிலமும். கோடியக்கரையிலிருந்து நேர்கோடு போட்டாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விட்டிருக்கிறது, அந்த வளையங்களில் சில சைபீரியாவில் கிடைத்த பிறகுதான் இந்தச் சேற்றுக்கும் அந்தப் பனிக்கும் உள்ள தொடர்பு நமக்கு உறுதியானது.

அந்த எலுமிச்சம்பழம் ஏன் அவ்வளவு தூரம் போகிறது? துந்திரத்தில் கோடை என்பது சில வாரங்கள்தான், ஆனால் அந்தச் சில வாரங்களில் சூரியன் மறைவதே இல்லை, பனி உருகிய ஈர மண்ணிலிருந்து கொசு, ஈ என்று பூச்சிகள் பொங்கிக் கிளம்பும். உள்ளான் குஞ்சுக்குத் தாய் இரை ஊட்டுவதில்லை, பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சு தானாக நடந்து போய்ப் பூச்சி பொறுக்கித் தின்ன வேண்டும். ஆக, குஞ்சு பொரிக்கும் நாளும் பூச்சி பொங்கும் நாளும் ஒன்றாக வந்தாக வேண்டும். முட்டையிட்டு அடைகாக்கக் கிட்டத்தட்ட மூன்று வாரம். கணக்குப் போட்டால் ஜூன் தொடக்கத்தில் தாய் அங்கே போய் இறங்கியிருக்க வேண்டும், அதற்கு இங்கிருந்து ஏப்ரல் வாக்கில் கிளம்ப வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், சைபீரியாவில் இந்த வருஷம் பனி சீக்கிரம் உருகிவிட்டது என்று வேதாரண்யம் சதுப்பில் நிற்கிற பறவைக்கு யார் போய்ச் சொல்வது?

யாரும் சொல்வதில்லை. அது பகலின் நீளத்தைப் பார்த்தும் உடம்புக்குள்ளேயே ஓடும் ஓர் ஆண்டுக் கடிகாரத்தைக் கேட்டும்தான் கிளம்புகிறது. பகல் நீளம்கூட இங்கே பெரிய துப்பு இல்லை, கோடியக்கரையில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். உள்கடிகாரம் வெறும் ஊகம் இல்லை. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் என்ற ஆய்வாளர், ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் சின்னக் கதிர்க்குருவிகளை மாறாத வெளிச்சமும் மாறாத வெப்பமும் உள்ள அறைகளில் வைத்துப் பார்த்தார். வெளியே என்ன மாதம் என்று தெரிய வழியே இல்லாத அந்தக் கூண்டுகளிலும், வலசைக் காலம் வந்ததும் குருவிகள் ராத்திரி தூங்காமல் தத்திக்கொண்டும் சிறகை அடித்துக்கொண்டும் இருந்தன. நெடுங்காலம் இந்தக் கடிகாரம் சரியாகத்தான் ஓடியது, ஏனென்றால் இந்த முனையும் அந்த முனையும் ஓரளவு ஒத்துப்போயின. இப்போது பூமி ஒரே அளவாகச் சூடாகவில்லை. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. கோடியக்கரையில் நிற்கிற பறவைக்கு அந்த வேகம் தெரிய வழியே இல்லை.

சரி, ஒரு வாரம் பத்து நாள் தாமதமாகப் போனால் என்ன ஆகிவிடும்? இதற்கு இருக்கிற சான்றுகளில் எனக்குத் தெரிந்து மிக அழகானது, மிகச் சங்கடமானதும்கூட, ரெட் நாட் என்கிற இன்னொரு உள்ளானைப் பற்றியது. இதில் ஒரு கிளையினமும் டைமிரில்தான் பிறக்கிறது, ஆனால் குளிர்காலத்தைக் கழிக்க மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரிட்டேனியாக் கடற்கரைக்கு, பாங்க் தார்கான் என்ற சேற்றுப் பரப்புக்குப் போகிறது. நெதர்லாந்தின் யான் வான் கில்ஸும் அவருடன் பல நாட்டு ஆய்வாளர்களும் 2016ல் வெளியிட்ட ஆய்வு இது. 33 ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்ததில் டைமிரில் பனி உருகும் நாள் வருஷத்துக்கு அரை நாள் வீதம் முன்னே நகர்ந்திருக்கிறது, மொத்தத்தில் இரண்டு வாரத்துக்கு மேல். குஞ்சுகள் முதல்முறை தெற்கே வரும் வழியில் போலந்துக் கடற்கரையில் இறங்கும், அங்கே அவற்றைப் பிடித்து அளந்து வைத்த கணக்கு பல வருஷத்துக்கு இருந்தது. பனி சீக்கிரம் உருகிய வருஷத்துக் குஞ்சுகள் உருவத்தில் சிறியவை, மூக்கும் கட்டை. பூச்சிப் பந்தி முடிந்த பிறகு பிறந்தவை, சரியாகத் தின்னவில்லை.

இங்கே வரைக்கும் கேட்டால் ‘கொஞ்சம் சின்னதாக இருந்தால் என்ன’ என்றுதான் தோன்றும். ஆப்பிரிக்காவில்தான் அடி விழுகிறது. மௌரிட்டேனியாச் சேற்றில் இவற்றுக்கு முக்கியமான இரை ஒரு சிப்பி, அது சேற்றுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கும். நீள மூக்குக்காரருக்கு எட்டும், கட்டை மூக்குக்காரருக்கு எட்டாது. எட்டாதவை கடற்புல்லின் வேர்க்கிழங்கைத் தின்றும், மேலாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கிற வேறு சிப்பிகளைப் பொறுக்கியும் காலத்தை ஓட்டுகின்றன, பாதி பட்டினிதான். கட்டை மூக்குக் குஞ்சுகள் முதல் வருஷத்தைத் தாண்டுவது குறைந்திருக்கிறது. சைபீரியாவில் பனி உருகியதற்கு ஆப்பிரிக்க வெப்பமண்டலக் கரையில், வேறொரு மாதத்தில், சிப்பி எட்டாமல் பறவை சாகிறது. செத்த இடத்தில் மட்டும் போய்த் தேடினால் காரணம் கிடைக்கவே கிடைக்காது. வலசை உயிர்களின் விஷயத்தில் என்னை எப்போதும் தடுமாற வைப்பது இதுதான்.

இன்னொரு விஷயம், ‘வழியில் எங்காவது இறங்கிக்கொள்ளலாமே’ என்பதற்கான பதில். நெடுந்தூரம் பறக்கப் போகும் கரைப்பறவைகள் கிளம்புவதற்கு முன் வயிறு முட்டத் தின்று எடையில் பாதிக்கு மேல்கூடக் கொழுப்பாகவே ஏற்றிக்கொள்ளும். அதற்கப்புறம் செய்கிற காரியம்தான் விசேஷம்: குடல், இரைப்பை, ஈரல் எல்லாம் சுருங்கிப்போகும். சுமை எதற்கு, வானத்தில் சாப்பாடு இல்லையே. அலாஸ்காவிலிருந்து கிளம்புகிற பட்டைவால் மூக்கான் என்ற கரைப்பறவைகளிடம் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதே இனத்தில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பறவை 2022ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்குமே இறங்காமல் கடந்தது, முதுகில் இருந்த கருவி காட்டிக்கொடுத்தது. இப்படிச் சுருங்கிய குடலோடு இறங்குகிற பறவைக்கு அந்த இடத்தில் இரை தயாராக இருக்க வேண்டும், தின்று செரிக்கத் திரும்பவும் குடலை வளர்த்துக்கொள்ளவே சில நாள் ஆகும். எரிபொருள் தீரும் நேரத்தில் விமானியிடம் ‘இந்த ஓடுதளம் மூடிவிட்டோம், பக்கத்து நாட்டில் பாருங்கள்’ என்று சொல்வது போலத்தான்.

காட்டுப் பறவைகளிலும் இதே கதை உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வசந்தத்தில் நெதர்லாந்துக்கு வரும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் ஒன்றைக் கிறிஸ்டியான் போத் என்பவரும் சக ஆய்வாளர்களும் நெடுங்காலம் பின்தொடர்ந்தார்கள். அங்கே ஓக் மரம் சீக்கிரம் துளிர்க்கிறது, துளிரைத் தின்னும் புழு சீக்கிரம் வந்து சீக்கிரம் போகிறது. பறவை பழைய தேதிக்கே வருகிறது. வந்ததும் அவசர அவசரமாகக் கூடு வைத்து முட்டையிட்டுப் பார்க்கிறது, அப்படியும் புழுவைப் பிடிக்க முடிவதில்லை. புழுக்காலம் மிகவும் முந்திவிட்ட காடுகளில் 20 ஆண்டுக்குள் அந்தப் பறவை ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது, புழுக்காலம் தாமதமாக வரும் காடுகளில் 10 சதவீதம்தான். ஒரே நாடு, ஒரே பறவை, புழுவின் தேதி மட்டும் வேறு.

நம்ம வளைமூக்கு உள்ளானுக்கு இது போதாதென்று ஒரு எலியும் சேர்ந்துகொண்டது. துந்திரத்தில் லெம்மிங் என்று ஒரு குட்டை வால் எலி உண்டு, பனிக்கு அடியிலேயே வளை பறித்துக் குளிர்காலத்தில்கூடக் குட்டி போடும், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை எக்கச்சக்கமாகப் பெருகும். பெருகிய வருஷத்தில் ஆர்க்டிக் நரி லெம்மிங்கைத் தின்றே வயிறு நிறைந்துவிடும், உள்ளான் முட்டை பிழைக்கும். லெம்மிங் இல்லாத வருஷத்தில் நரி கூடு கூடாகப் போய் முட்டையைத் தின்றுவிடும். அதனால் தென்கோடிக் கரைகளில் வளைமூக்கு உள்ளானின் இளம் பறவைகள் எத்தனை வருகின்றன என்பது பல வருஷம் லெம்மிங்கின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்றி வந்திருக்கிறது. லெம்மிங்குக்கு வேண்டியது உலர்ந்த, மெத்தென்ற பனிப் போர்வை. குளிர்காலம் இளகி, பனிமேல் மழை பெய்து மறுபடி உறைந்தால் அடியில் பனிக்கட்டி ஓடாகிவிடும், எலியால் புல்லைத் தொட முடியாது. தெற்கு நார்வேயிலும் கிரீன்லாந்தின் வடகிழக்கிலும் இந்தப் பெருக்கச் சுழற்சியே மங்கிப்போன காலங்கள் பதிவாகியிருக்கின்றன.

‘வடக்கே சூடாகிறது என்றால் இன்னும் வடக்கே போகலாமே’ என்றும் கேட்பார்கள். டைமிருக்கு வடக்கே கடல். புதர்கள் தெற்கிலிருந்து துந்திரத்துக்குள் ஏறி வந்துகொண்டிருக்கின்றன, இந்தப் பக்கம் தண்ணீர், நடுவில் உள்ள திறந்தவெளி சுருங்குகிறது, உள்ளான் புதருக்குள் கூடு வைக்கிற ஜாதி இல்லை.

எல்லாப் பறவையும் இப்படிச் சிக்கிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கமே பேசியதாகிவிடும். குறைந்த தூரம் போகிறவை ஓரளவு சமாளிக்கின்றன, போகிற இடத்து வானிலைக்கும் இருக்கிற இடத்து வானிலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் துப்பு கிடைத்துவிடுகிறது. ஸ்பெயினில் செங்கால் நாரைகளில் நிறைய இப்போது ஆப்பிரிக்காவுக்கே போவதில்லை, குப்பைமேட்டில் வருஷம் முழுக்கச் சாப்பாடு இருக்கும்போது சஹாராவை எதற்குத் தாண்ட வேண்டும். மத்திய ஐரோப்பாவின் பிளாக்கேப் குருவிகளில் ஒரு பகுதி தெற்கே போகாமல் பிரிட்டனுக்குக் குளிர்காலம் கழிக்கப் போகத் தொடங்கியது, சில பத்தாண்டுக்குள் அந்தத் திசை பரம்பரையிலேயே பதிந்துவிட்டது. ஆகவே மாறவே மாறாது என்பதில்லை. நெடுந்தூரக்காரர்கள், ஒரே வகை இரையையும் ஒரே வகைச் சேற்றையும் நம்பியிருப்பவர்கள், இவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிஜமான நாடோடியும் உண்டு, அது நம் வீட்டு வாசலிலேயே மழைக்கு முன் தாழப் பறக்கிற மஞ்சள் தட்டான். இந்தியாவிலிருந்து கிளம்பி அக்டோபர் வாக்கில் மாலத்தீவுக்கு லட்சக்கணக்கில் வந்து சேர்வதையும், அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் தாண்டுவதையும் சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடலுயிர் ஆய்வாளர் 2009ல் எழுதினார். அது மழை தேங்கிய குட்டையில் முட்டையிடும், குட்டை வற்றுவதற்குள் பறந்துவிடும். காற்று எந்தத் திசையோ அதுவே பாதை. ஆனால் அதுவும் காற்றை நம்பித்தானே கடலில் இறங்குகிறது, பருவக்காற்றின் நாளும் திசையும் குழம்பினால் அதன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த முனைக்கு வருவோம். கோடியக்கரையில் உள்ளானுக்கு வேண்டியது சேறு, அதன்மேல் ஒரு விரலளவு தண்ணீர். அதன் கால் நீளம் அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தால் தண்ணீர் முழங்காலளவு நின்றுவிடும், பறவைக்கு அது கடல். மழை பொய்த்தால் உப்பு ஏறி, வெயிலில் சேறு பாளம் பாளமாக வெடித்துவிடும், புழு பூச்சி இருக்காது. கடல் மட்டம் ஏறும்போது சேற்று நிலம் இயல்பாக உள்ளே நகர்ந்து வர வேண்டும், ஆனால் உள்ளே பார்த்தால் கரை, சாலை, உப்பளம், இறால் பண்ணை. நகர இடமில்லாமல் நடுவில் நசுங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி ஒரே ராத்திரியில் அந்தக் காட்டை என்ன செய்தது என்பதை அந்தப் பக்கத்துக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. ஒரு தனிப் புயலைக் காட்டி ‘இது பருவநிலை மாற்றம்’ என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கடல் சூடாகச் சூடாகப் புயல் பலத்தோடு வர வாய்ப்பு கூடுகிறது, மூன்று ஊர் வரிசையில் ஒரு ஊர் அடிவாங்கினாலும் சந்தைக்காரர் வருஷத்தையே இழக்கிறார்.

மற்ற உயிர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கரையில் ஜனவரியிலிருந்து முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும், 30 டிகிரியை ஒட்டி ஒரு எல்லை, அதற்கு மேலே போகப் போகப் பெண்ணே பொரிக்கும், இன்னும் ஏறினால் முட்டை வெந்துவிடும். ஆஸ்திரேலியாவின் வட பவளத்திட்டில் பிறந்த பச்சை ஆமைகளைச் சோதித்தபோது இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண், 2018ல் வந்த முடிவு. கஜகஸ்தானில் சைகா என்ற வலசை மான் 2015 மே மாதம் குட்டி போடக் கூடியிருந்த இடத்தில் சில வாரத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தது, அதன் தொண்டையில் சாதாரணமாகச் சும்மா இருக்கிற பாக்டீரியாதான், வழக்கத்துக்கு மாறான சூடும் ஈரப்பதமும் வந்த நாட்களில் கொல்லியாக மாறியது. அட்லாண்டிக்கின் ரைட் திமிங்கிலம் தன் இரையான நுண்ணிய மிதவை உயிர் குளிர்ந்த நீரைத் தேடி நகர்ந்ததும் பின்னாலேயே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போனது, அங்கே அதற்காக யாரும் கப்பல் வேகத்தைக் குறைத்திருக்கவில்லை, நண்டு வலைக் கயிறுகளும் இருந்தன, 2017ல் மட்டும் கனடாவும் அமெரிக்காவும் சேர்த்து 17 பிணங்கள். அந்தத் திமிங்கிலம் நீங்கள் கேட்டதையேதான் செய்தது, தள்ளிப் போய்ப் பார்த்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. வலசை உயிரினங்களுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தின் கீழ் 2024ல் வந்த அறிக்கை, பட்டியலில் உள்ள 1,189 இனங்களில் 44 சதவீதம் குறைந்துவருவதாகவும் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகவும் சொன்னது. அதில் முதலிரண்டு காரணம் பருவநிலை இல்லை, வேட்டையும் வாழிட அழிவும். ஏரியை மேடாக்கி வீட்டுமனை போட்டுவிட்டு ‘பறவை வரவில்லை, எல்லாம் பருவநிலை மாற்றம்’ என்று சொல்வது இப்போது வசதியாகிவிட்டது, எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். மத்திய ஆசியாவின் ஆரல் கடல் வற்றியதும் முக்கியமாகப் பருத்திப் பாசனத்தால்தான். டெல்டாப் பக்கம் கண்ணி வைத்து உள்ளான் பிடித்துக் கறிக்கு விற்பது யாருடைய வெப்பமயமாதல்? வாழிடம் விரிவாகவும் கூட்டம் பெரிதாகவும் இருந்தால் ஒரு மோசமான வருஷத்தை ஒரு பறவையினம் தாங்கும். ஏற்கெனவே பாதியாகிப்போன கூட்டம் தாங்காது. வளைமூக்கு உள்ளானை 2024ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் ஆபத்து வரிசையில் ஒரு படி மேலே ஏற்றினார்கள்.

ஆர்க்டிக்கில் பனியைப் பிடித்து நிறுத்த நம்மால் முடியாது, இங்கே கண்ணியை எடுக்க முடியும், சதுப்பில் சீமைக் கருவேலம் ஏறாமல் பார்க்க முடியும், இன்னொரு கரை எழுப்பாமல் இருக்க முடியும். அப்புறம் எண்ண முடியும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பொங்கல் நாட்களிலும் தமிழ்நாட்டில் கணக்கெடுக்கிறார்கள், அதில் சேருங்கள். ஆனால் நான் உங்களுக்குச் சொல்வது அதற்கும் முன்னால், ஆகஸ்டிலேயே ஒருமுறை சேற்றைப் போய்ப் பாருங்கள். முதலில் வருவது வளர்ந்த பறவைகள், நெஞ்சில் இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும். பிறகு செப்டம்பர், அக்டோபரில் மறுபடி போங்கள். இப்போது முதுகில் செதில் செதிலாக வெளிர் விளிம்பும் நெஞ்சில் லேசான ஆரஞ்சு பூசினாற்போலவும் சில வரும், அவை ஜூலையில் டைமிரில் பொரித்த குஞ்சுகள், தாய் துணையில்லாமல் தாமாகவே வழி கண்டுபிடித்து வந்தவை. மொத்தக் கூட்டத்தில் அவை எத்தனை என்று தனியாக எண்ணி, தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வருஷமும் அதே வாரத்தில் போய் எண்ணுங்கள்.